ஐந்து மணி வெயிலும் அம்மாவின் கட்டிலும்

சென்ற ஆண்டு என் வீட்டுச் சன்னலுக்கு மேல் ஓர் அவ்னிங் போட்டேன். நல்ல தகடு, நல்ல வேலைப்பாடு. ஆனால் எதற்காகப் போட்டேனோ அந்த வேலையை அது செய்யவில்லை. தவறு போட்டுக் கொடுத்தவருடையது அல்ல, என்னுடையது. நான் ஓர் அறிவியல் ஆசிரியர். அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள் என்று வகுப்பில் தினமும் சொல்பவன். என் வீட்டில் நான் அளக்கவில்லை.

எங்கள் வீடு கிள்ளானில் ஒரு தாமானில் இருக்கும் தரைவீடு. வாசல் மேற்கைப் பார்த்தது. எதிரே திடல். மரமோ மாடிக் கட்டடமோ இல்லை. வாசலை ஒட்டிய அறை அம்மாவுடையது. மாலை நான்கு மணிக்கு மேல் வெயில் சன்னல் வழியாக உள்ளே இறங்கும். ஐந்தரைக்குக் கட்டிலில் ஏறிவிடும். அம்மா நாற்காலியை மூலைக்கு மூலை நகர்த்திக்கொண்டே இருப்பார். ஏழரைக்குச் சூரியன் மறைந்துவிடும். ஆனாலும் இரவு பத்து மணிக்கு அந்தச் சுவரில் கை வைத்தால் இன்னும் சுடும். குளிர்சாதனக் கருவி வாங்கலாம் என்றால், “அந்தக் காத்து எனக்கு ஆகாது தம்பி, முட்டி வலிக்கும்” என்று மறுத்துவிட்டார்.

என் அக்கா வீட்டில் சன்னலுக்கு மூன்றடி அவ்னிங் போட்டிருந்தார்கள். அந்த அறையில் பொட்டு வெயில் விழாது. அதையே நானும் போட்டேன். முதல் நாள் மாலை ஐந்தரைக்கு எட்டிப் பார்த்தேன். வெயில் எப்போதும் போலக் கட்டிலில்தான் இருந்தது. அம்மா அவ்னிங்கை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு தம்பி. மழைக்கு ஆகும்.”

அந்த வாரம் கணித ஆசிரியர் விடுப்பில் இருந்ததால் படிவம் 1 வகுப்பைப் பார்த்துக்கொள்ளப் போனேன். வெண்பலகையில் இரண்டு இணைகோடுகள், அவற்றை வெட்டும் ஒரு குறுக்குக் கோடு, எட்டுக் கோணங்கள். ஒரு மாணவி கேட்டார்: “சார், ஒரு கோணம் தெரிஞ்சா மத்த ஏழும் தெரிஞ்சிடும். அப்புறம் எதுக்கு சார் எட்டையும் கண்டுபிடிக்கச் சொல்றாங்க?”

“கை எட்டாத இடத்தில் இருக்கும் கோணத்தைக் கை எட்டும் இடத்தில் அளப்பதற்கு” என்று சொல்லத் தொடங்கினேன். பாதியில் எனக்கு அம்மாவின் சன்னல் நினைவுக்கு வந்தது.

சூரியக் கதிர்கள் ஏன் இணைகோடுகள்?

சூரியன் ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதில் ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் இரண்டு கதிர்கள், ஒன்று உங்கள் வீட்டு வாசலிலும் மற்றொன்று பின்கட்டிலும் விழுவதாக வைத்துக்கொள்வோம். அவற்றுக்கு இடையில் உள்ள கோணம் எந்தப் பாகைமானியாலும் அளக்க முடியாத அளவுக்குச் சிறியது. ஆகவே ஒரு வீட்டின் அளவில் அவற்றை இணைகோடுகள் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு சிறு திருத்தம் உண்டு. சூரியன் புள்ளி அல்ல, வட்டு. நம் கண்ணுக்கு அந்த வட்டு அரைப் பாகை அகலம் தெரிகிறது. அதனால்தான் உயரத்தில் இருக்கும் பொருளின் நிழலுக்கு விளிம்பு சற்று மங்கலாக இருக்கும். நம் வீட்டுக் கணக்கை இது பாதிக்காது.

கதிர்கள் இணை என்றால், சமதளமான எந்தத் தரையிலும் அவை ஒரே கோணத்தில்தான் விழும். பள்ளித் திடலில் நட்ட குச்சியிலும், அதே நேரத்தில் வீட்டு வாசலில் வைத்த அடிக்கோலிலும் கோணம் ஒன்றே. இவைதாம் ஒத்த கோணங்கள். உங்கள் பாடநூலில் ‘சுடுட் செபாடான்’ என்று படித்திருப்பீர்கள்.

வீட்டுக்கும் பள்ளிக்கும் சரி. வெகுதூரம் போனால்? பூமி உருண்டை என்பதால் அங்குள்ள தரை இங்குள்ள தரைக்கு இணையாக இராது. ஜொகூர் பாருவிலும் அலோர் ஸ்டாரிலும் ஒரே நேரத்தில் அளந்தால் கோணம் வேறுபடும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எரட்டோஸ்தனிஸ் இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தினார். எகிப்தில் சையீன் நகரில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக நின்ற நண்பகலில், வடக்கே அலெக்சாண்டிரியாவில் நிழல் விழுந்தது. அங்கே கதிர் செங்குத்திலிருந்து விலகிய கோணம் ஒரு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2 பாகை. கதிர்கள் இணை என்பதால், பூமியின் மையத்தில் அந்த இரண்டு நகரங்களுக்கும் இடையில் உள்ள கோணமும் அதுவே. இரு நகரங்களின் தூரத்தை ஐம்பதால் பெருக்கிப் பூமியின் சுற்றளவைச் சொன்னார். பூமியின் மையத்துக்கு யாரும் போக முடியாது. கோணம் மட்டும் அங்கிருந்து இணைகோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே வந்துவிட்டது.

ஏணி இல்லாமல் அளப்பது எப்படி?

அவ்னிங்கின் வெளி விளிம்பை உரசிக்கொண்டு வரும் கதிர்தான் நமக்கு முக்கியம். அதற்கு மேலே நிழல், கீழே வெயில். அந்த விளிம்பில் கதிர் எத்தனை பாகை சாய்ந்து இறங்குகிறது என்று தெரிந்தால், சன்னலில் எவ்வளவு நிழல் விழும் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஏணியில் ஏறி, சூரியனை நோக்கிப் பாகைமானியைப் பிடிப்பது ஆபத்து. கண்ணுக்கும் ஆபத்து.

அவ்னிங்கின் விளிம்பிலிருந்து சுவரை நோக்கிப் படுக்கையாக ஒரு கோடு இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். தரையும் படுக்கைதான். எனவே இவை இரண்டும் இணைகோடுகள். விளிம்பை உரசி வரும் கதிர் இவற்றை வெட்டும் குறுக்குக் கோடு. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து ‘இசட்’ போலத் தெரியும். அதன் மேல் மூலையில் உள்ள கோணமும் கீழ் மூலையில் உள்ள கோணமும் சமம். இவை ஒன்றுவிட்ட கோணங்கள், மலாயில் ‘சுடுட் செலாங்-செலி’. ஆகவே தரையில் அளந்தால் போதும், மேலே உள்ளது தெரிந்துவிடும்.

தரையில் எப்படி அளப்பது? 30 சென்டிமீட்டர் அடிக்கோலை வெயிலில் நேராக நிறுத்துங்கள். அதன் நிழலின் நீளத்தை அளங்கள். தாளில் அந்தச் செங்கோண முக்கோணத்தைச் சிறிதாக வரைந்து, நிழலின் நுனியில் இருக்கும் கோணத்தைப் பாகைமானியால் அளங்கள். முடிந்தது. படிவம் 3-இல் ‘டான்’ விகிதம் படித்தபின் வரையாமலேயே கண்டுபிடிக்கலாம்.

அம்மாவின் சன்னலில் கணக்கு

அவ்னிங் மூன்றடி நீளம். அதன் விளிம்பு தரையிலிருந்து எட்டடி உயரம். சன்னலின் மேல் விளிம்பு ஏழடியில், கீழ் விளிம்பு மூன்றடியில். அதாவது சன்னல் நான்கடி உயரம்.

இனி சூரியன். மார்ச் 21-ஐ எடுத்துக்கொள்வோம். அந்நாளில் சூரியன் ஏறக்குறைய நேர்கிழக்கில் உதித்து, நம் தலைக்கு மேலே ஏறி, நேர்மேற்கில் மறையும். கிள்ளான் வட்டாரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரப்படி பன்னிரண்டு மணிக்கு அல்ல, அன்று ஏறக்குறைய 1.20-க்கு. நம் கடிகாரம் சூரியனுக்கு முன்னே ஓடுகிறது. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1-இல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது. அதனால்தான் நமக்கு மாலை வெயில் ஏழு மணி தாண்டியும் நீள்கிறது.

உச்சியிலிருந்து சூரியன் மணிக்கு 15 பாகை இறங்கும். எனவே:

மாலை 4.20: கோணம் 45 பாகை. அவ்னிங்கின் நிழல் விளிம்பு மட்டத்திலிருந்து மூன்றடி கீழே வரை விழும். சன்னலில் மேல்பாதி நிழலில், கீழ்ப்பாதி வெயிலில்.

மாலை 5.20: கோணம் 30 பாகை. நிழல் ஏறக்குறைய ஒன்றே முக்கால் அடி. சன்னலில் மேலே ஒன்பது அங்குலம் மட்டும் நிழல். மற்றதெல்லாம் வெயில்.

மாலை 6.20: கோணம் 15 பாகை. நிழல் ஓர் அடிகூட இல்லை. அது சன்னலைத் தொடவே இல்லை. முழுச் சன்னலும் வெயிலில்.

நான் போட்ட அவ்னிங், வெயில் கடுமையாக உள்ளே வரும் நேரத்தில்தான் பயனற்றுப் போகிறது. நீளத்தைக் கூட்டினால்? 5.20-க்குச் சன்னல் முழுவதும் நிழலில் இருக்க அவ்னிங் எட்டரை அடிக்கு மேல் நீள வேண்டும். 6.20-க்கு என்றால் பதினெட்டடிக்கும் மேல். சாலையில் போகிறவர்களுக்கும் சேர்த்துக் கூரை போட்டதாகிவிடும்!

இது மார்ச் மாதத்துக்கு மட்டும் உரிய கணக்கு அல்ல. சூரியன் வடக்கே போகும் ஜூனிலும், தெற்கே போகும் டிசம்பரிலும் மேற்குச் சுவருக்கு நிலைமை பெரிதாக மாறாது. நேரம் மட்டும் சில நிமிடங்கள் முன்பின்னாகும்.

அக்கா வீட்டில் மட்டும் எப்படி?

அக்கா வீட்டுச் சன்னல் வடக்கைப் பார்த்தது. அந்தப் பக்கம் சூரியன் மிக அதிகமாகச் சாய்வது ஜூன் 21-ஐ ஒட்டி. அப்போதும் உச்சி வேளையில் நம் வட்டாரத்தில் அது ஏறக்குறைய 70 பாகை உயரத்தில் நிற்கும். மூன்றடி அவ்னிங் அங்கே எட்டடி நிழல் தரும். சன்னலின் கீழ் விளிம்பையும் தாண்டிய நிழல்! டிசம்பரில் சூரியன் தெற்கே போய்விடுவதால் வடக்குச் சன்னலுக்கு நேர் வெயிலே இல்லை. தெற்குச் சன்னலாக இருந்தாலும் கவலையில்லை. டிசம்பர் உச்சி வேளையில் கோணம் 63 பாகைக்கு மேல். மூன்றடிக்கு ஏறக்குறைய ஆறடி நிழல் கிடைக்கும்.

ஒரே அவ்னிங், ஒரே நீளம். வடக்கிலும் தெற்கிலும் அது குடை. மேற்கில் வெறும் அலங்காரம். வேறுபாடு தகட்டில் இல்லை, கோணத்தில். நான் அக்கா வீட்டு நீளத்தை அளந்துவந்தேன். திசையைக் கேட்கவில்லை.

சுவர் சேர்த்து வைக்கும் சூடு

சன்னலோடு பிரச்சினை முடியவில்லை. இரவு பத்து மணிக்கும் சுடும் சுவர் இருக்கிறதே!

ஒரு டார்ச்சு விளக்கைத் தாளில் நேராக அடியுங்கள். சிறு வட்டம், நல்ல வெளிச்சம். சாய்த்து அடியுங்கள். வட்டம் நீண்டு பரவி மங்கும். வெயிலும் அப்படித்தான். 5.20-க்குக் கதிர் தரையோடு 30 பாகையில் வருகிறது. தரையில் பரவலாக விழுவதால், நேராக விழுந்தால் கிடைக்கும் ஆற்றலில் பாதிதான் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் கிடைக்கும். ஆனால் அதே கதிர் மேற்குச் சுவரில் ஏறக்குறைய நேராக மோதுகிறது. அங்கே கிடைப்பது 87 விழுக்காடு. தரை மங்கலாக வெயில் காயும் நேரத்தில் மேற்குச் சுவர் முழு அடியையும் வாங்குகிறது. கிழக்குச் சுவருக்கும் காலையில் இதே அடிதான். ஆனால் அப்போது இரவெல்லாம் ஆறிய சுவரும், குளிர்ந்த காற்றும் இருக்கும். மாலையில் எல்லாமே ஏற்கெனவே சூடு.

அம்மாவின் அறைச் சுவர் மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர். செங்கல் 11 சென்டிமீட்டர் தடிப்பு. சன்னலைக் கழித்தால் ஏறக்குறைய 0.8 கன மீட்டர் செங்கல், எடை 1,400 கிலோகிராமுக்கும் மேல். ஒரு கிலோகிராம் செங்கலின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்த ஏறக்குறைய 840 ஜூல் வெப்பம் வேண்டும். சுவர் 10 பாகை செல்சியஸ் சூடேறினால் அது சேர்த்து வைத்திருக்கும் வெப்பம் ஒரு கோடியே 20 இலட்சம் ஜூல்.

இது எவ்வளவு பெரிய அளவு? ஒரு குதிரைத்திறன் என்று விற்கப்படும் குளிர்சாதனக் கருவி, முழு வேகத்தில் ஒன்றேகால் மணி நேரம் ஓடி அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பம் இது. சுவரில் உள்ளது முழுவதும் உள்ளே வராது, ஒரு பகுதி வெளியேயும் போகும். ஆனாலும் சூரியன் மறைந்த பின் அம்மாவின் அறையில் அந்தச் சுவர் ஓர் அடுப்பைப் போல மெதுவாக எரிந்துகொண்டிருக்கிறது. காற்றாடி அறையைக் குளிர வைப்பதில்லை. அது நம் வியர்வையை ஆவியாக்கி நம்மைத்தான் குளிர வைக்கிறது. சுவரின் சூட்டை அது ஒன்றும் செய்யாது.

எனவே சூடு உள்ளே வந்தபின் விரட்டுவதைவிட, அது சுவரைத் தொடாமல் தடுப்பதே அறிவு.

பழைய கடைத்தெருவில் இருந்த விடை

விடை எங்கே இருந்தது தெரியுமா? எங்கள் ஊர்ப் பழைய கடைத்தெருவில். கடைவீடுகளின் முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதையைப் பார்த்திருப்பீர்கள். 1822-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில், ஒவ்வொரு கடைக்கும் முன்னால் கூரையுள்ள, தொடர்ச்சியான நடைவழி விட வேண்டும் என்று விதித்தார். அந்த அமைப்பு மலாயா நகரங்களுக்கும் பரவியது. தோட்டத்து லயன் வீட்டுத் திண்ணைக்கும் அம்மா ‘அஞ்சடி’ என்றுதான் சொல்வார்.

ஐந்தடி ஆழம் இருந்தும் அந்தக் கடைக்காரர்கள் அதை மட்டும் நம்பவில்லை. மேற்கைப் பார்த்த கடைகளில், மாலையானால் நடைபாதையின் வெளி விளிம்பில் மூங்கில் தட்டியை இறக்கிவிடுவார்கள். பிடாய் என்று கேட்டால் இன்றும் கடையில் கிடைக்கும். ஏன் இறக்கினார்கள் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். 30 பாகையில் ஐந்தடிக் கூரை தருவது மூன்றடிக்கும் குறைவான நிழல். தாழ்ந்து வரும் கதிரைப் படுக்கையான கூரை பிடிக்காது. செங்குத்தாகத் தொங்கும் தட்டிதான் பிடிக்கும்.

அவ்னிங்கை நான் கழற்றவில்லை. அதன் வெளி விளிம்பில் இரண்டு பிடாய்களைத் தொங்கவிட்டேன். ஏன் வெளியே? அறைக்குள் திரைச்சீலை போட்டால் ஒளி கண்ணாடியைக் கடந்து வந்து சீலையைச் சூடாக்கும். அந்தச் சூடு அறைக்குள்தான் இருக்கும். வெளியே தொங்கும் தட்டி சூடேறினால், அந்தச் சூட்டைக் காற்று வெளியிலேயே கொண்டுபோய்விடும்.

மற்றச் சுவருக்கு என்ன செய்வது? அதற்கு அம்மாவே வழி சொன்னார். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வலை கட்டி, அதில் பாகற்கொடி ஏற்றினோம். இலைகள் வெயிலை வாங்கிக்கொள்கின்றன. அவை நீராவியை வெளியிடுவதால் அதிகம் சூடேறுவதில்லை. இடையில் உள்ள ஓர் அடி இடைவெளியில் சூடான காற்று மேலே ஏறிப் போய்விடுகிறது. அடர்நீலமாக இருந்த சுவருக்கு வெள்ளைச் சாயமும் பூசினோம். வெளிர்நிறம் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

அறை குளுகுளு என்று ஆகிவிட்டதா? இல்லை. நம் ஊர்க் காற்றே சூடுதானே. ஆனால் இரவு பத்து மணிக்குச் சுவரில் கை வைத்தால் இப்போது சுடுவதில்லை. அம்மா கட்டிலைவிட்டு நகர்வதும் இல்லை. பிடாய்க்கும் வலைக்கும் சாயத்துக்கும் ஆன செலவு, அவ்னிங்குக்குக் கொடுத்ததில் கால்வாசிகூட இல்லை. முதலிலேயே ஓர் அடிக்கோலை வெயிலில் நிறுத்தியிருந்தால் முக்கால்வாசி மிச்சமாகியிருக்கும்.

நீங்களும் அளந்து பாருங்கள்

தேவையானவை: 30 சென்டிமீட்டர் அடிக்கோல், அளவு நாடா, பாகைமானி, தாள், திசை காட்ட ஒரு திசைகாட்டி அல்லது கைப்பேசி.

1. உங்கள் வீட்டில் எந்தச் சன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. மாலை 4.00, 5.00, 6.00 மணிக்குச் சமதளமான தரையில் அடிக்கோலை நேராக நிறுத்தி நிழலை அளங்கள். நிழல் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் என்றால் 45 பாகை. 52 என்றால் 30 பாகை. 112 என்றால் 15 பாகை. மற்றவற்றை வரைந்து கண்டுபிடியுங்கள்.

3. மேற்குச் சன்னலாக இருந்தால், சன்னலுக்கு மேலுள்ள கூரை அல்லது அவ்னிங்கின் நீளத்தைப் பெரியவர் ஒருவர் உதவியோடு அளங்கள். முக்கோணத்தை வரைந்து, நிழல் எதுவரை விழும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பிறகு போய்ப் பாருங்கள்.

4. சூரியன் மறைந்து இரண்டு மணி நேரம் கழித்து, அறையின் நான்கு சுவர்களையும் உட்புறம் தொட்டுப் பாருங்கள். எது அதிகம் சுடுகிறது?

எச்சரிக்கை: எக்காரணம் கொண்டும் சூரியனை நேரே பார்க்காதீர்கள். கூலிங் கிளாஸ் அணிந்திருந்தாலும் கூடாது. தரையில் விழும் நிழலே நமக்குப் போதும்.

வீட்டில் அவ்னிங் போடவோ, கூரையை நீட்டவோ, குளிர்சாதனக் கருவி வாங்கவோ பேச்சு நடந்தால், உங்கள் தாளை எடுத்துக் காட்டுங்கள். பெற்றோரின் பணத்தை மிச்சப்படுத்தும் வீட்டுப்பாடம் அடிக்கடி கிடைக்காது.

கடைசியாக ஒன்று. பிடாயை இறக்க அம்மா கடிகாரம் பார்ப்பதில்லை. அறைத் தரையில் ஓரடி அகல டைல்ஸ். சன்னல் பக்கமிருந்து எண்ணினால், வெயிலின் நுனி ஐந்தாவது டைல்ஸின் ஓரத்துக்கு வந்ததும் எழுந்து போய்க் கயிற்றை அவிழ்ப்பார். ஒரு மார்ச் மாத மாலை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டடி உயர விளிம்பு, வாசலில் மூன்றடி, அறைக்குள் ஐந்தடி. எட்டுக்கு எட்டு, 45 பாகை. மணி 4.20.